பூட்டுச் சின்னம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இணைய ஏலம் பற்றி வந்த கட்டுரையில், "முகவரிக்கு அருகில் பூட்டுச் சின்னம் தெரிந்தால் அச்சமின்றிப் பணம் கட்டலாம்" என்ற வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. நமக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வேறொருவர் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு அடையாளம். தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதற்கு அது சாட்சியாகாது என்பது தாங்கள் அறியாததல்ல. என்னை ஏமாற்றிய தளத்திலும் அதே பூட்டு இருந்தது.

31 ஆண்டுகள் அஞ்சல் துறையில் பணியாற்றியவன் நான். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி அஞ்சல்தலைகள் நான்கில், பத்து ரூபாய்த் தலை மட்டும் என்னிடம் இல்லை. அதுவரை கேள்விப்பட்டிராத ஓர் ஏலத் தளத்தில் அது வந்திருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி விலையை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, 6,500 ரூபாய்க்கு ஏலம் என் பேரில் முடிந்தது. கார்டு வசதி வேலை செய்யவில்லை என்று கூறி, யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் உறை வந்தது. அசல் தலை சுவிட்சர்லாந்தில், குழிகளில் மை நிரப்பி அச்சிடும் கிராவியூர் முறையில் அச்சானது. வந்ததை உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், காந்தியின் கன்னத்தில் குழைவாகப் படிந்திருக்க வேண்டிய மை, செய்தித்தாள் படம்போலத் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தது. வந்தது போலி.

காவல் நிலையத்தில், "பொருள்தான் வந்துவிட்டதே, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்றார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்தான். ஆனால் யார் மீது போடுவது? நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர், அலுவலக முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. அங்கே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறெதுவும் இல்லை. பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள் என்று தங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

ஈபே என்ற இணைய ஏல நிறுவனத்தின் இந்தியத் தளம் இயங்கிய நாளில், அதன் பணம் செலுத்தும் வசதியான பைசாபே வழியாகக் கட்டிய பணம் பொருள் வந்து சேரும்வரை விற்றவர் கைக்குப் போகாது. 2018இல் அத்தளம் மூடப்பட்டபோது, எங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் இனி எங்கே போவது என்று தங்களுக்கு எழுதினேன், வெளியாகவில்லை. அதற்கு முன்பே, இடமில்லை என்று அஞ்சல்தலைப் பகுதியையும் நிறுத்திவிட்டீர்கள். இன்று அதே பக்கத்தில், பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம் வருகிறது. பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021இல் எச்சரித்ததைத் தாங்களும் படித்திருப்பீர்கள். நாற்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டும் வாசகனுக்கு இது வருத்தமாக இருக்கிறது.

பூட்டுச் சின்னம் பற்றிய அந்த வரிக்கு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே இணைய மோசடிக்கான 1930, நுகர்வோர் உதவிக்கான 1915 ஆகிய எண்களையும் போடுங்கள். தாமதிக்காமல் 1930ஐ அழைத்தால் பணத்தை வங்கியிலேயே முடக்கி வைக்க வாய்ப்புண்டு. எனக்கு அந்த எண் தெரியவந்தபோது பணம் கட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மயிலாடுதுறை.