30 ஆம்பியர் வீட்டுக்கு ஏற்ற அடுப்பு

டிக்கோயா

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு இருவரும் நலம். மழை பிடித்துவிட்டதால் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீ அனுப்பிய மின் அடுப்பின் படத்தைப் பார்த்தோம். கறுப்புக் கண்ணாடி, நான்கு வட்டம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஓவனுக்குப் போகிற வயரிலேயே சேர்த்துவிடுங்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். காசு கட்டுவதற்கு முன் வாசி.

அங்கே அது சரியாக இருக்கும். லண்டனில் ஒரு வீட்டுக்கு 60, 80, சில வீடுகளுக்கு 100 ஆம்பியர் கொடுக்கிறார்கள். அடுப்புக்கென்று 6 சதுர மில்லிமீற்றர் கேபிளும், அளவு மீறினால் தானே விழுகிற 32 ஆம்பியர் பிரேக்கரும் தனியாக இருக்கும். நீ பார்த்த அடுப்பு 7.2 கிலோவாட், 230 வோல்ட்டில் 31 ஆம்பியர். நம் ஓவன் 2.5 கிலோவாட், 11 ஆம்பியர். கூட்டினால் 42. இதை 32 ஆம்பியர் பிரேக்கர் எப்படித் தாங்குகிறது? தட்டுகள் சூடேறியபின் விட்டு விட்டுத்தான் மின்சாரம் இழுக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவது அரிது. அதனால் அங்குள்ளவர்கள் முதல் 10 ஆம்பியரை முழுதாக எடுத்து, மிச்சத்தில் 30 சதவீதத்தை மட்டும் சேர்ப்பார்கள். நம் 42க்கு அந்தக் கணக்கு 20ஐ ஒட்டி வரும். வீட்டுச் சமையலுக்கு அது நியாயமான கணக்குத்தான்.

இங்கே அந்தக் கணக்குக்குப் போகும் முன்பே மீட்டரில் தடை. இலங்கை மின்சார சபை நமக்குத் தந்திருப்பது ஒற்றை பேஸ், அதாவது மின் வரும் கம்பி ஒன்றுதான், 30 ஆம்பியர். முழு வீட்டுக்கும் சேர்த்து 6.9 கிலோவாட். நீ சொல்லும் அடுப்பை முழுதாகப் போட்டால் விளக்குக்குக்கூட மிச்சம் இருக்காது. குளியலறையில் சுடுநீர் ஷவர் வேறு இருக்கிறது, அதற்கு 15 ஆம்பியர். டிக்கோயாக் குளிரில் விடியற்காலையில் அதைப் போடாதே என்று உன் அம்மாவிடம் நீயே சொல்லிப் பார். (காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரில் ஓடும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் நோட்டன் பிரிட்ஜில் இருக்கிறது. அந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை தோட்டத் தொழிலாளர் லயங்கள் குப்பி விளக்கில் காலம் தள்ளின என்பது உனக்குத் தெரியாததல்ல. 30 ஆம்பியரே நமக்குப் பெரிய வரவுதான்.)

ஓவனின் வயரோ 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். பிரேக்கர் 20 ஆம்பியர். அடுப்பையும் அதில் கொளுவினால் பிரேக்கர் விழும். விழுவது நல்லதுதான், அதன் வேலையே அது. பயம் அதற்குப் பிறகு வருகிறவரைப் பற்றி. "அடிக்கடி விழுகிறதே" என்று வயரிங் வேலை செய்யும் யாரோ ஒரு பாஸ் 32 ஆம்பியர் பிரேக்கரை மாட்டிவிட்டுப் போவார். பிறகு எதுவும் விழாது. பலகை சீலிங்குக்கு மேலே வயர்தான் சூடாகும்.

மூன்று பேஸ் எடுக்கலாம். ஒவ்வொரு பேஸிலும் 30 ஆம்பியர் கிடைக்கும், நான்கு தட்டு அடுப்பை இரண்டு பேஸுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். ஆனால் இரண்டு பேருக்குச் சோறும் கறியும் ஆக்க அவ்வளவு செலவு எதற்கு?

ஆகவே இரண்டு தட்டு அடுப்பு வாங்கு. 3.5 கிலோவாட்டுக்கு மேல் வேண்டாம். அதற்கே 15 ஆம்பியர் வருகிறது, ஆகையால் 13 ஆம்பியர் பிளக்கில் குத்த முடியாது. பிரேக்கர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர் போதும். ஆனாலும் நான் 6 சதுர மில்லிமீற்றர் வரும் 7/1.04 போடச் சொல்லப்போகிறேன், பிற்காலத்தில் பெரிய அடுப்பு வந்தால் சுவரை மறுபடி வெட்ட வேண்டியதில்லை. பிரேக்கர் இப்போதைக்கு 20. மின் வரும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் துண்டிக்கிற சுவிட்சை அடுப்புக்குப் பக்கவாட்டில் வைப்போம். அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் தீப்பிடித்த தாச்சிக்கு மேலாகக் கை நீட்டியா அணைப்பது? ஓவன் அதன் பழைய வயரிலேயே இருக்கட்டும். இரண்டும் ஓடினால் 26 ஆம்பியர்; அந்த நேரத்தில் ஷவர் கிடையாது என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. பதில் வரவில்லை.

இண்டக்ஷன் வகை வேண்டாம். அம்மாவின் மண்சட்டியும் அலுமினியப் பானையும் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரத்துக்குத்தான் அது சரி. நம் வீட்டில் ரொட்டிக் கல்லைத் தவிர வேறெதிலும் ஒட்டுமா என்பது சந்தேகம். கண்ணாடிக்கு அடியில் கம்பி சிவக்கிற சாதாரண வகையே போதும்.

இன்னொன்று. நத்தார் கேக்குக்குப் பிறகு மாதக்கணக்கில் ஓவனைத் தொடுவதில்லை. பனியும் மழையும் கலந்த இந்தக் காற்றில் அதன் சூட்டுக் கம்பிக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. திடீரென்று போட்டால் மின்சாரம் எர்த்துக்குக் கசிந்து, கசிவைக் கண்டதும் துண்டிக்கிற டிரிப் சுவிட்ச் விழுகிறது. ஓவனை அடிக்கடி போட்டு எடுத்தால் ஈரம் தங்காது. இதற்கு மருந்தாக எர்த் வயரைக் கழற்றிவிடுகிற பாஸ்மார்களை நம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் என்னிடம் வேலை பழகிய பையன் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கழற்றினால் டிரிப் சுவிட்ச் விழாது, கசிவு மட்டும் அப்படியே இருக்கும்; ஈரக் கையோடு தொடுகிற ஆளின் உடம்பு வழியாகத்தான் அது நிலத்துக்குப் போகும். எர்த் கம்பி சரியாக வேலை செய்கிறதா என்று வயரிங் பாஸ் வரும் அன்று அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

இப்போதுள்ள காஸ் அடுப்பை அகற்ற மாட்டேன். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம், அதே வருடம் ஒரே நாளில் 13 மணி நேரம்வரை கரண்டும் போனது. இரண்டில் ஒன்றாவது இருக்கட்டும். வாங்கும் முன் பெட்டியில் ஒட்டியிருக்கும் வாட் அளவையும், கல் மேசையில் வெட்ட வேண்டிய நீள அகலத்தையும் படம் பிடித்து அனுப்பு. அதைப் பார்க்காமல் மேசனைக் கூப்பிட மாட்டேன். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

அப்பா