‘யார் உள்ளே வந்தது?’ என்று கேட்கும் சிறு அலுவலக முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிகளே,

வணக்கம். ஆடிட்டர் ஆபீஸ், லாரி புக்கிங், மருந்து மொத்த வியாபாரம், ஜவுளிக்கடை பில்லிங் என்று உங்களைப் போன்றவர்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

“நான் இல்லாத நேரத்தில யாரோ என் சிஸ்டத்தைத் திறந்திருக்காங்க, யாருன்னு ஹிஸ்டரி பார்த்துச் சொல்லுங்க” என்று ஃபோன் வருகிறது. பார்க்கலாம், விண்டோஸ் எழுதித்தான் வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் (லாக் என்றால் நடந்ததைக் கணினி குறித்துவைக்கும் பதிவேடு), அதற்குள் செக்யூரிட்டி என்று போனால் ஒவ்வொரு வரியிலும் ஈவென்ட் ஐடி என்று ஓர் எண் இருக்கும்: 4624 என்பது உள்ளே நுழைந்தது, 4625 நுழைய முயன்று முடியாமல் போனது, 4647 ஆளே லாக் ஆஃப் கொடுத்து வெளியேறியது. ஆனால் நான் வந்து திறந்தால் எல்லா வரியிலும் இருப்பது ‘அட்மின்’ என்ற ஒரே பெயர். ஏனென்றால் கணக்குப்பிள்ளை, பில் போடும் பெண், டெலிவரி பையன், எப்போதாவது வரும் உங்கள் மச்சான் வரை எல்லோரும் உட்காருவது அதே லாகினில்தான், பாஸ்வேர்டோ மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ஒரே பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லீவு போட்டது யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஆளுக்கொரு யூசர் கணக்கு போடுங்கள். செலவில்லை, ஓர் ஆளுக்கு ஐந்து நிமிட வேலை. அட்மின் உரிமை உங்களிடம் மட்டும் இருக்கட்டும், மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்டு யூசர் போதும். இதைச் செய்யாமல் ஹிஸ்டரி பார்ப்பதில் பாதிப் பயன்கூட இல்லை.

அடுத்தது, நீங்களே திறந்து பார்த்துவிட்டுப் பயப்படுவது. ராத்திரி இரண்டு மணிக்கு ‘சிஸ்டம்’ என்ற பெயரில் வரிசையாக 4624 இருக்கும், உடனே ஹேக்கர் வந்துவிட்டான் என்று ஃபோன். அந்த வரியைத் திறந்து லாகான் டைப் என்ற இடத்தைப் பாருங்கள். 5 என்றிருந்தால் விண்டோஸின் ஏதோ ஒரு சர்வீஸ் தானாக ஓடியது, விட்டுவிடலாம். 2 என்றால் கீபோர்டு முன்னால் ஆள் உட்கார்ந்து நுழைந்தது, 7 என்றால் பூட்டிய திரையைத் திறந்தது, 3 என்றால் நெட்வொர்க் வழியாக, பெரும்பாலும் ஷேர் ஃபோல்டரைத் தொட்டது, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது வேறொரு கணினியிலிருந்து இதை இயக்க நுழைந்தது. இதிலும் ஒரு வம்பு உண்டு. டிடபிள்யூஎம்-1, யூஎம்எஃப்டி-0 என்று விசித்திரமான பெயர்களும் டைப் 2 என்றே காட்டும். அவை திரையை வரைவதற்கும் எழுத்துருவுக்கும் விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளும் கணக்குகள், திருடர்கள் இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது எதுவென்றால், யாரும் இல்லாத நேரத்தில் டைப் 10, அதுவும் தெரியாத ஐபி முகவரியிலிருந்து (நெட்வொர்க்கில் ஒரு கணினியின் விலாச எண்). இல்லையென்றால் நிமிடத்துக்குப் பல 4625 வந்து, அதன் பின்னால் ஒரு 4624. அது பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துக் கடைசியில் பிடித்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அப்புறம் எனிடெஸ்க், தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் தனி மென்பொருள். டேலி சரிபார்க்க வந்தவர் போட்டுவிட்டுப் போன எனிடெஸ்க் வழியாக ஒருவர் வந்தால் இந்தப் பட்டியலில் டைப் 10 என்று எதுவும் விழாது. அதற்குத் தனியாக, புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் எனிடெஸ்க்குக்குள் இருக்கும் கனெக்‌ஷன் டிரேஸ் கோப்பைப் பார்க்க வேண்டும். எந்த ஐடியிலிருந்து எப்போது வந்தார்கள், இங்கே ஆள் அனுமதித்தாரா, பாஸ்வேர்டு போட்டு வந்தார்களா என்பதுவரை அதில் இருக்கும்.

தேதியையும் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் எங்கோ நிற்கும், அந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு பையனை “நீ அப்போ எங்கே இருந்தே?” என்று விசாரிப்பது அநியாயம். அப்படி ஒரு விசாரணைக்கு என்னைச் சாட்சியாக நிற்க வைத்ததும் நடந்திருக்கிறது. ஹிஸ்டரி காட்டுவது கணக்கின் பெயரை, ஆளின் முகத்தை அல்ல.

செக்யூரிட்டி லாக் கோப்பின் அளவு வழக்கமாக 20 எம்பிதான், நிறைந்தால் பழையது அழிந்து புதியது எழுதப்படும். போன மாதம் நடந்ததை இன்று கேட்டால் அநேகமாக இருக்காது. அந்த லாக் கோப்பின் பிராப்பர்டீஸில் அளவைக் கூட்டிவிடலாம். நிறுவனங்கள் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது, தெரியுமா?

கடைசியாக, சந்தேகம் வந்தவுடன் பக்கத்துக் கடையில் கொடுத்து ஃபார்மேட் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள். முதலில் நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். செக்யூரிட்டி மேல் ரைட் கிளிக் செய்து ‘சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ்’ கொடுத்து பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். வங்கிப் பணம் போயிருந்தால் எனக்கு முன்னால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். அப்புறம் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டம் சர்வீஸ்காரர்களில் ஒருவன்