பனிக்காலத்தில் பிக்கப்போடு உதவிக்கு வரும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கமெல்லாம் பனி கொட்டினால் பிக்கப் ட்ரக்கை எடுத்துக்கொண்டு, புதைந்த கார்களை இழுத்துவிடத் தெருவில் இறங்கும் தம்பிமாருக்கு,

வணக்கம். முதலில் நன்றி. 2025 பெப்ரவரியில் ஒரு கிழமை சொச்சத்துக்குள் ரொறன்ரோவில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. பிரதான வீதிகளைத் துப்புரவாக்கவே நகரசபைக்கு மூச்சு முட்டியது. உள்தெருச் சனம் தன்பாட்டில் கிடந்தது. 2022 ஜனவரி 17ஆம் திகதியும் அப்படித்தான். கார்டினர், டொன் வலி பார்க்வே என்ற இரண்டு விரைவுச்சாலைகளையும் மூடினார்கள், ரிரிசி பஸ்கள் நூற்றுக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன. இப்படியான நாட்களில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களையும் டயாலிசிசுக்குப் போகிற ஐயாமாரையும் வீட்டு வாசலில் இருந்து வெளியே எடுத்துவிட உங்களை விட்டால் ஆள் இல்லை. காசும் கேட்பதில்லை. சரி, புகழ்ச்சி இவ்வளவும் காணும்.

நான் கராஜ்காரன். பெரிய பனி ஒன்று கொட்டினால் அடுத்த கிழமை என்னிடம் வரும் கார்களில் சிலதை உடைத்தது பனி இல்லை, உதவிக்கு வந்தவர்கள். முன்பம்பர் கிளிப்புகளோடு பிய்ந்து தொங்கும். சங்கிலியைச் சில்லுக்குப் பின்னால் அதைத் தாங்கும் லோவர் ஆர்மில் கட்டி இழுத்திருப்பார்கள்; ஆர்ம் வளைந்து, சில்லு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அச்சைச் சுற்றிக் கயிறு போட்டு, கிரீஸ் இருக்கும் ரப்பர் உறையைக் கிழித்திருப்பார்கள். சொந்தக்காரர் பாவம், "நல்ல பெடியங்கள், உதவிக்குத்தான் வந்தவங்கள்" என்று சொல்லிக்கொண்டே பில்லுக்குக் காசு கட்டுவார். யாரையும் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: கயிற்றைக் கடைசியாக எடுங்கள். முதலில் எடுக்க வேண்டியது சவல், பனி அள்ளுகிற மண்வெட்டி.

கார் ஏன் புதைகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இயந்திரத்துக்குப் பலம் போதாமல் இல்லை. நகரசபை வண்டி பனியை ஒதுக்கும்போது ட்ரைவ்வே வாசலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அது வானத்தில் இருந்து விழுந்த பஞ்சுப் பனி இல்லை. உப்பும் தண்ணீரும் கலந்து இறுகிய கட்டி. கார் அதில் ஏறினால் அடிவயிறு கட்டியின் மேல் உட்கார்ந்துவிடும், பாரம் சில்லில் இருந்து கழன்று பனிக்குப் போய்விடும். பாரம் இல்லாத சில்லு சுழலும், சுழன்ற சூட்டில் கீழே இருப்பது உருகும், உருகியது உடனேயே கண்ணாடிபோல உறையும். அதன் பிறகு அக்ஸிலரேட்டரை அமத்த அமத்தக் குழிதான் ஆழமாகும். இந்த நிலையில் பிக்கப்பில் கட்டி இழுத்தால் அந்த இறுகிய கட்டியையும் சேர்த்துத்தான் இழுக்கிறீர்கள். பம்பர் பிய்யாமல் என்ன செய்யும்?

அடிவயிற்றில் இருக்கும் பனியை நீட்டுப்பிடிச் சவலால் தோண்டி எடுங்கள். இயந்திரம் சுழற்றும் சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு கார் நீளத்துக்குத் தடம் வெட்டுங்கள். நம்மவர்களின் கார்களில் அனேகமானவை முன்சில்லு ஓட்டம்தான். பின்சில்லைச் சுற்றி அரை மணித்தியாலம் வெட்டிவிட்டு மூச்சு வாங்குபவர்களைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒரு வாளி மணல் தூவுங்கள். உப்பு நல்ல குளிரில் வேலை செய்யாது, மணலுக்கு வெப்பநிலை கணக்கில்லை. பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்து, சில்லு வழுக்கினால் பலத்தைக் குறைக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோலை நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் தள்ளினால் காணும், பெரும்பாலான கார் வெளியே வந்துவிடும். பிக்கப் அதற்குத் தேவையே இல்லை; மணலையும் சவலையும் தள்ளுகிற ஆட்களையும் ஏற்றிவந்ததுதான் அதன் உதவி.

சவலைத் தொடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. காரின் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். குளிருக்காக என்ஜினை ஓடவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே இருப்பார்கள். குழாய் பனிக்குள் புதைந்திருந்தால் கார்பன் மொனொக்சைட் காருக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, சத்தி வருவது போல இருப்பது, தூக்கம் என்று சொன்னால் உடனே கதவைத் திறந்து ஆளை வெளியே எடுங்கள், 911க்கு அடியுங்கள். கார் அங்கேயே கிடக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை, இழுத்தே ஆக வேண்டும் என்றால் எதில் கட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. இப்போதைய கார்களில் முன்னால் கொளுக்கி தெரியாது. டிக்கியில் விரிப்பைத் தூக்கினால், ஜாக் இருக்கும் நுரைத் தட்டில் ஒரு வளையம் வைத்த தடித்த இரும்பு ஆணி இருக்கும். பம்பரில் தீப்பெட்டி அளவில் சதுரமான அல்லது வட்டமான மூடி ஒன்று தெரியும். அதன் ஓரத்தை அழுத்தினாலோ துணி சுற்றிய ஸ்க்ரூட்ரைவரால் கிளப்பினாலோ திறக்கும். உள்ளே மரை இருக்கும். ஆணியை அதில் திருக வேண்டும். சில கார்களில், முக்கியமாக ஐரோப்பியக் கார்களில், அது இடப்பக்கம் திருகும் மரை. "போகுதில்லை" என்று பலத்தைப் போட்டு மரையைத் தின்னக் கொடுக்காதீர்கள், மற்றப் பக்கம் திருப்பிப் பாருங்கள். கையால் திருகிவிட்டு நிறுத்தவும் கூடாது. சில்லுச் சாவியின் தண்டை வளையத்துக்குள் விட்டு, அடிவரை இறுக்குங்கள். அரைகுறையாக நிற்கும் ஆணி வளைந்து முறியும். ஆணியைத் தேடி எடுத்துத் தருவதும் திருகுவதும் காரின் சொந்தக்காரராகவே இருந்தால் நல்லது. அவருடைய பொருள், அவருடைய சம்மதம்.

இனி உங்கள் வண்டிப் பக்கம். பிக்கப்பின் பின்னால் ட்ரெய்லர் கொளுவ ஒரு உருண்டை இருக்கிறதே, அதில் கயிறு போடாதீர்கள். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை. அந்த உருண்டை ட்ரெய்லரின் நிதானமான பாரத்துக்குச் செய்தது, வெட்டி இழுக்கிற அதிர்ச்சிக்குச் செய்தது இல்லை. கழுத்தில் முறிந்தால், ஒரு கிலோ அளவிலான இரும்புக்குண்டு இழுபட்ட கயிற்றோடு புதைந்த காரின் முன்கண்ணாடிக்குத்தான் நேராகப் போகும். அங்கே ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். உருண்டையைத் தண்டோடு கழற்றிவிட்டு, அது செருகியிருந்த சதுரக் குழாய்க்குள் பொருந்தும் ஷாக்கிள் கட்டை (கயிறு கொளுவ இரும்பு வளையம் வைத்தது) வாங்கிப் போடுங்கள். வண்டிக்குக் கறுப்பு ரிம் போடச் செலவழித்ததோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

கயிறு நைலோனாக இருக்கட்டும். மீட்புக்கென்றே செய்த நைலோன் கயிறு 30 வீதம் வரை நீளும். அந்த நீட்சி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு காரை மெல்ல இழுத்தெடுக்கும். சங்கிலி நீளாது. இழுக்கும் பலம் முழுவதும் ஒரே நொடியில் கொளுக்கியில் போய் விழும், எது பலவீனமோ அது உடையும். இரண்டு முனையிலும் இரும்புக் கொளுக்கி தைத்த மலிவான பட்டிகளும் வேண்டாம். கயிற்றின் நடுவில் ஒரு கம்பளியோ பழைய ஜக்கற்றோ போடுங்கள், அறுந்தால் பறக்காமல் கீழே விழும். கயிறு எட்டும் தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது, ஃபோனில் படம் எடுப்பவர் முக்கியமாக நிற்கக் கூடாது. (இந்தப் படம் எடுக்கிற வியாதியைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம். சிக்கின சனத்தின் முகத்தையும் நம்பர் பிளேட்டையும் ஊருக்குக் காட்டி என்ன காணப் போகிறோம்?) இழுப்பது நேர்கோட்டில், 4 லோவில் (நாலு சில்லும் மெதுவாக, பலமாக ஓடும் கியர்), ஊர்ந்தபடி. ஓடி வந்து வெட்டி இழுக்கிற வித்தை வேண்டாம்.

இன்னொன்று. மின்சாரக் கார் என்றால் பனிக்குவியலில் இருந்து சில அடி வெளியே எடுப்பதோடு நிறுத்துங்கள். சில்லு தரையில் உருள உருள அதன் மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கும். தெரு நெடுக இழுத்துக்கொண்டு போனால் வருகிற செலவைக் கேட்டால் உங்களுக்கே தலை சுற்றும்.

கோபிக்காமல் கேளுங்கள், உங்கள் வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் பின்பெட்டியோடு ஓடும் பிக்கப்பின் பின்பக்கத்தில் பாரமே இல்லை. நாலு சில்லு ஓட்டம் புறப்பட உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லில்தான். மோர்னிங்சைட் அவெனியூ ஹைலாண்ட் கிரீக் பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில், உதவிக்கு வந்த வண்டியே வழுக்கிக்கொண்டு போய், இழுக்க வந்த காரில் முட்டினால் கதை எப்படி இருக்கும்? பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை வைத்துக் கட்டுங்கள். பாரமும் ஆச்சு, தூவ மணலும் ஆச்சு. ரயர் விஷயத்திலும் ஒரு மாயை இருக்கிறது. பெரிய பல்லு வைத்த ஓல்-டெரெய்ன் ரயர் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பனிக்கட்டியில் பல்லு உதவாது, ரப்பரின் மென்மைதான் உதவும். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனிக்கு ஏற்ற ரயர் என்று காட்டும், மூன்று மலைமுடிக்குள் ஒரு பனித்துகள் வரைந்த அடையாளம் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் அதைப் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் அவ்வளவாக யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நான் நினைப்பது, உங்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைப் பற்றி. இரவு பத்து மணி, வேலை முடிந்து வரும் ஒரு பெண் தனியாகச் சிக்கி நிற்கிறாள். பின்னால் உயரமான லைட்டுகளோடு பெரிய வண்டி வந்து நிற்கிறது, மூன்று ஆம்பிளைகள் முகத்தை மூடிக்கொண்டு இறங்குகிறார்கள். அவளுக்கு முதலில் நினைவு வருவது உதவி இல்லை. இந்த ஊரில் கூப்பிடாமல் வந்து நின்ற டோ ட்ரக்காரர் (கார் இழுக்கும் தொழில்காரர்) சிலர் செய்த அட்டகாசம் கொஞ்சமா? 2020 மே மாதத்தில் யோர்க் பிராந்தியப் பொலிசார் 'புரொஜெக்ட் பிளாட்டினம்' என்ற பெயரில் பலரைப் பிடித்தபோது, இழுவைத் தொழில் போட்டியில் கொலை, தீவைப்பு, காப்புறுதி மோசடி வரைக்கும் குற்றச்சாட்டு வந்தது. சனம் அதை மறக்கவில்லை. ஆகவே ஒருவர் மட்டும் இறங்குங்கள். முகம் தெரியட்டும். கண்ணாடியில் தட்டாமல், நாலு அடி தள்ளி நின்று, "காசு வேண்டாம், சவல் இருக்கு, உதவட்டுமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் போங்கள். தெரு முனையில் சற்று நேரம் நின்று, அவர்கள் கூப்பிட்ட ஆள் வருகிறாரா என்று பார்த்தாலும் நல்லதுதான்.

காசு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுவதில் இன்னொரு காரணமும் உண்டு. அந்த அட்டகாசத்துக்குப் பிறகு 2021இல் ஒன்ராறியோ இழுவைத் தொழிலுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2024 ஜனவரி முதல் மாகாணச் சான்றிதழ் இல்லாமல் அந்தத் தொழிலை நடத்த முடியாது. இருபது டொலருக்கு ஆசைப்பட்டு அந்த எல்லைக்குள் கால் வைக்காதீர்கள். ஒரு கோப்பி வாங்கித் தந்தால் குடியுங்கள். "நல்லது செய்யப் போய்த்தானே உடைந்தது, சட்டம் காப்பாற்றும்" என்றும் நம்பியிருக்காதீர்கள். ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு 'குட் சமரித்தன்' சட்டம் காயப்பட்டவருக்கு முதலுதவி செய்தவரைப் பாதுகாக்கிறது, பம்பரைப் பிய்த்தவரை இல்லை.

401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளுக்கு இந்த வேலைக்காகப் போகவே வேண்டாம். 2021 டிசம்பர் முதல் 400, 401, 427, க்யூஈடபிள்யூ ஆகியவற்றின் சில பகுதிகளை மாகாணம் இழுவை வலயம் ஆக்கிவிட்டது. அங்கே ஒப்பந்தம் பெற்ற நிறுவனம்தான் இழுக்கலாம். சட்டத்தை விடுங்கள். வெள்ளைக் காற்றில் ஒன்றும் தெரியாமல் வரும் லொறிக்கு முன்னால் முழங்காலில் இருந்து கொளுக்கி தேடுவது உதவி இல்லை. 2010 டிசம்பரில் சார்னியா பக்கம் 402இல் ஹியூரன் ஏரிப் பனி நூற்றுக்கணக்கான வாகனங்களை மூடியபோது பெரிய பெரிய லொறிகளே அசையவில்லை, இராணுவ ஹெலிகொப்டர் கூட வந்து ஆட்களைத் தூக்கியது. அக்கம்பக்கத்து விவசாயிகள் செய்த பெரிய உதவி, வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு ஆட்களை உள்ளே எடுத்தது. நெடுஞ்சாலையில் யாராவது சிக்கினதைக் கண்டால் 911க்கு அடித்து இடத்தைச் சொல்லுங்கள், போதும். உங்கள் இடம் உள்தெரு. அங்கேதான் வேறு ஒருவரும் வருவதில்லை.

நவம்பரில் ரயர் மாற்ற எப்படியும் கராஜ் பக்கம் வருவீர்கள். வரும்போது உங்கள் கயிறு, கொளுக்கி எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கடை பூட்டிய பிறகு ஒரு ஞாயிறு பின்வளவில் நாலைந்து வகைக் கார்களை நிறுத்தி, எதற்கு எங்கே மூடி, எதற்கு எந்தப் பக்கம் மரை என்று காட்டித் தருகிறேன். தேத்தண்ணி என் செலவு. சங்கிலி கொண்டு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், எனக்குப் பழைய இரும்புக்காரனிடம் போட இன்னும் கொஞ்சம் எடை குறைகிறது.

அன்புடன்,
ஸ்காபரோ கராஜ்கார அண்ணன்