நாடகக் கொட்டகைத் திருப்பணி நிறைவு அறிக்கை: கட்டடமும் அதன் கதைகளும்

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் நாடகக் கொட்டகையின் திருப்பணி நிறைவடைந்தது. கூரை ஒழுகவில்லை, சுவர் காய்ந்து வருகிறது, மேடை ஆள் நடக்கத் தாங்குகிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். செய்த வேலை என்ன, ஏன் அப்படிச் செய்தோம் என்பதை இந்த அறிக்கையில் எழுதுகிறோம். கொட்டகையைப் பற்றி ஊரில் உலவும் கதைகளையும் சேர்த்தே எழுதக் காரணம் உண்டு. பழுது இருந்த இடங்களைப் பெரும்பாலும் அந்தக் கதைகள்தான் காட்டிக்கொடுத்தன.

முதலில் வயது. தென்னிந்தியாவிலேயே முதல் தியேட்டர் நம்முடையதுதான் என்று நோம்பி மேடைகளில் பேசுவதை நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம். கொங்கு நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால். ரயில்வேயில் வேலை பார்த்த அவர் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர், பிறகு எழுப்பிய நிலையான அரங்கு அது. பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

நம் கட்டடம் நாடகத்துக்கென்று கட்டியது, சினிமா பிறகு வந்து ஏறிக்கொண்டது. படம் ஓட்டும் கேபினின் பக்கச் சுவர் பெரிய சுவரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஒரே காலத்துக் கட்டு என்றால் செங்கல் பல் கோத்து உள்ளே போயிருக்கும். இங்கே மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக ஒட்டுக்கட்டு. பெரிய சுவரில் சுர்க்கி என்ற செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்து, கேபின் சுவரில் சிமெண்ட். இந்த மூட்டைப் பூசி மறைக்காமல் ஒரு முழ அகலத்துக்குத் திறந்தே விட்டிருக்கிறோம். வரலாறு கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

மேடைக்கு வருவோம். மேடைக்கு அடியிலிருந்து ஆற்றங்கரைக் கோயில்வரை சுரங்கம் போகிறது என்பது ஊரில் மூன்று தலைமுறைப் பேச்சு. பலகையைப் பெயர்த்தபோது உள்ளே குழி இருந்தது உண்மை. ஆள் உயர ஆழம், நான்கு பக்கமும் செங்கல் கட்டு, எந்தப் பக்கமும் வழி கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களில் செங்குத்தாக மரக்காடி பதித்திருக்கிறது, மேலே கப்பி மாட்டும் இரும்பு வளையம். ஒரு தட்டைக் காடியில் இறக்கி ஏற்றும் பொறி இது. பூமி பிளந்து சீதையை வாங்கிக்கொள்ளும் காட்சிக்கும், தேவர்கள் திடீரென்று தோன்றும் காட்சிக்கும் அந்நாளைய கம்பெனிகள் இப்படிப்பட்ட குழியை வைத்துக்கொண்டன. சுரங்கக் கதை வெறும் கற்பனை என்று தள்ள மனம் வரவில்லை: வேடதாரி மேடையில் திடீரென்று மறைந்ததைக் கண்ணால் கண்ட கூட்டம் வேறு எப்படிப் பேசும்?

பிற்காலத்தில் யாரோ குழியில் இடிபாட்டுக் கல்லைக் கொட்டி மூடிவிட்டார்கள். மேடையின் கேடு அங்கிருந்துதான் தொடங்கியது. இடிபாடு மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, அதைத் தொட்டுக் கிடந்த உத்தரங்களின் அடிப்பாகம் இற்றுக் கரையானுக்கு இரையாயிற்று. மேடையின் முன்சுவரில் இருந்த காற்றுப் புழைகளையும் பூசி அடைத்திருந்தார்கள். இடிபாட்டை அள்ளி, புழைகளைத் திறந்து, எலி நுழையாமல் கம்பிவலை அடித்தோம். இற்ற உத்தரங்களை முழுதாக மாற்றவில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சாய்வாகச் செதுக்கி, புதுத் துண்டைப் பொருத்தி போல்ட் போட்டு இறுக்கினோம். சாய்வு ஒட்டின் நீளம் மரத்தின் கனத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது என்பதில் ஆசாரி கறாராக இருந்தார். குழி இனி மூடப்படாது. மேலே கழற்றக்கூடிய பலகை இருக்கிறது.

அடுத்தது சலங்கை. ஆடி மாதத்தில் நடுராத்திரி கொட்டகைக்குள் யாரோ சலங்கை கட்டி ஆடுவார்கள் என்ற கதை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். கூரையின் ஒவ்வொரு கைமரச் சட்டத்தையும் சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி தளர்ந்து, அதன் வாஷர்கள் காற்றில் ஆடி ஓசை எழுப்பின. ஓசை பெரிதல்ல. கம்பி தளர்ந்தால் சட்டத்தின் கால்கள் விரிந்து சுவரை வெளியே தள்ளும்; மேற்குச் சுவரின் மேல்விளிம்பு சாய்ந்தது அதனால்தான். கம்பியின் நடுவில் உள்ள திருகுமுடுக்கை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் கால் திருகு, அடுத்ததற்குக் கால் திருகு என்று மாறி மாறி முடுக்கினோம். ஒரே கம்பியை முழுதாக முடுக்கினால் பாரம் எல்லாம் அதன்மேல் விழுந்து மரையே அறுந்துவிடும். இந்த வேலையை விடியற்காலையில்தான் செய்ய வேண்டும். 12 மீட்டர் கம்பி 15 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும்; உச்சி வெயிலில் சரியாக முடுக்கிய கம்பி ராத்திரியில் சுவரை உள்ளே இழுக்கும்.

கூரை ஓடு மங்களூர் ஓடு. பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சமய அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழிவந்த ஓட்டுத்தொழில் மலபார்க் கரை நெடுகப் பரவி, ரயிலேறிக் கொங்கு நாட்டுக்கு வந்தது. பழைய ஓட்டை இறக்கி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் பிரித்தோம்: கணீர் என்றால் கூரைக்கு, மொத்தென்றால் விரிசல், ஒதுக்கு. குறைந்த எண்ணிக்கைக்கு இடித்த வீடுகளில் வாங்கினோம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆலைக்கு ஆலை ஓட்டின் பூட்டுக் காடி சிறிது மாறும். இரண்டு ஆலை ஓட்டைக் கலந்து மேய்ந்தால் பார்வைக்குப் பொருந்தினாலும் சாய்வு மழையில் நீர் உள்ளே வரும். ஆகவே முதுகில் உள்ள முத்திரையைப் பார்த்து, ஒரு சாய்வுக்கு ஒரே ஆலை என்று பிரித்து மேய்ந்தோம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு பிடித்தது. இறவாரத்தின் முதல் மூன்று வரிசையை, ஓட்டின் மூக்கில் உள்ள துளை வழியாக, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம். ஆடிக்காற்று முதலில் தூக்குவது அங்கேதான்.

இனி அழும் சுவர். கணவனை இழந்த நடிகை ஒருத்தி சாய்ந்து அழுத சுவர் என்பார்கள். தெற்குச் சுவரில் இடுப்பளவுக்கு எப்போதும் ஈரம் வடியும். வெளியே தார்ச்சாலை ஒவ்வொரு முறையும் பழையதன்மேலேயே போடப்பட்டு, கொட்டகைத் தரையைவிட உயர்ந்துவிட்டது. மழைநீர் சுவரடியில் தேங்கிச் செங்கல் வழியே ஏறியது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் சிமெண்ட் பூசியதும் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறி, உப்பைப் பூச்சுக்குப் பின்னே சேர்த்தது. உப்பு படிகமாகும்போது செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும். சிமெண்ட் பூச்சை அகற்றியபோது செங்கல் பொடி கையோடு வந்தது. அதனால் மின் சுத்தியலை உள்ளே விடாமல் உளியால் மட்டுமே கொத்தினோம்.

சுவரை ஒட்டிப் பள்ளம் வெட்டி, ஜல்லி நிரப்பி, நீரைச் சாக்கடைக்குத் திருப்பியது முதல் வேலை. அதைச் செய்யாமல் எந்தப் பூச்சு பூசினாலும் வீண். சுவரை ஒரு கோடை முழுதும் பூசாமல் உலரவிட்டு, வெளிவந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்பச் சுவருக்குள்தான் போகும்.

சுண்ணாம்பு நீற்றும்போது தொட்டித் தண்ணீரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட வேண்டும். கல்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். சல்லடையில் வடித்து, மூன்று வாரம் தண்ணீருக்கு அடியிலேயே ஊறவிட்டோம். நீறாத பரல் ஒன்று தங்கினாலும் பூசிய பின் அது நீறிப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, மணல் 2, செங்கல் தூள் அரைப் பங்கு. மேல்பூச்சுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர். கருப்பட்டியைக் கூட்டினால் பூச்சு வலுக்கும் என்று சிலர் சொன்னார்கள்; இனிப்பு கூடினால் இறுகுவது தாமதமாகும், எறும்பும் வரும். ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. மேற்குச் சுவரை ஆடி கழிந்த பிறகே தொட்டோம். அந்தக் காற்றில் பூசினால் மேல் உலர்ந்து உள் உலராமல் வலைவலையாக வெடிக்கும். பிறகும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டே காத்தோம். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகிறது. அவசரம் அதற்கு ஆகாது. பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடிப்பு போதும்.

கேபினின் இரும்புக் கதவு தானாக விழும் கதைக்கும் விளக்கம் உண்டு. அந்நாளைய ஃபிலிம், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. தீப்பிடித்தால் தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே கொடுத்து நீருக்கு அடியிலும் எரியும். 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தையொட்டித் தீப்பிடிக்காத கேபின் அவசியமாயிற்று. ஒளி போகும் துளைகளுக்கு மேலே இரும்பு மூடிகள் கயிற்றில் தொங்கும்; தீ கயிற்றை எரித்தால் மூடி தானே விழுந்து துளையை அடைக்கும். இற்றுப்போன கயிறு அறுந்துதான் ஒன்று விழுந்தது. மூடிகளைச் சுத்தம் செய்து எண்ணெயிட்டு, புதுக் கயிற்றில் மாட்டியிருக்கிறோம். குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர்ப் பலகை கேட்ட உறுப்பினர்களுக்கு: நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எமனாக வந்ததைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணியின் கரு கலைந்தது, அதனால் அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்ற செய்தியை நம் ஊர் தன் கொட்டகையில் நடந்ததாகவே சொல்கிறது. இதே உரிமையைக் கோரும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல. 1908இல் கொடுமுடியில் பிறந்து, வேலு நாயர் கம்பெனியில் பாடி, மைக் இல்லாமலே கடைசி வரிசையை எட்டிய கே.பி.சுந்தராம்பாள் நம் மேடை ஏறினார் என்று நினைக்க நமக்கும் ஆசைதான். அச்சிட்ட நோட்டீஸ் கையில் வந்த நாளில் பலகை வைப்போம். வீட்டு அட்டாலியில் பழைய நாடக நோட்டீஸ், டிக்கெட், ஒப்பந்தத் தாள் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

பராமரிப்பு. ஆனி முடியுமுன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஓட்டின் கால்வாயில் சருகு அகற்ற வேண்டும். ஏறுபவர் ஓட்டின்மேல் கால் வைக்காமல், ரீப்பர்மேல் பலகை போட்டு நடக்க வேண்டும். அரசங்கன்று முளைத்தால் வெட்டிவிட்டுப் போகாமல் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு வேருக்காகச் செங்கல் வரிசைகளையே பிரிக்க வேண்டியிருந்தது. கம்பிகளில் ஃபேனோ பேனரோ தொங்கவிடக் கூடாது. உள்ளே சமையல் கூடாது. எங்கும் சிமெண்ட் ஒட்டுப்போடக் கூடாது. விரிசல் கண்டால் அலுவலகத்தில் சொல்லுங்கள், மூடிய வாளியில் ஊறிய சுண்ணாம்பு எப்போதும் இருக்கும்.

மிச்சமிருப்பது கேபின் தரையும், பின்புறம் புடக்காணிப் பக்கத்து மதிலும், பெண்கள் பக்கத்துத் தடுப்புச் சுவரின் மேல்வரிசையும். இந்த ஆண்டுச் சந்தா அந்த மூன்றுக்கும் போகும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்