வீட்டோடு மாப்பிள்ளை

ஸோம்பா, மலாவி
ஜூலை 9

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். இன்று வெளியே தலை காட்ட முடியாத நாள். எல்லைக்கு அப்பால் மொசாம்பிக்கில் இருக்கிற சிப்பெரோனே மலைப் பக்கமிருந்து வருகிற குளிர்த் தூறல், மூன்று நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தூறலுக்கே இங்கே ‘சிப்பெரோனி’ என்றுதான் பெயர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரு ஸ்வெட்டர்கூட எடுக்காமல் வந்து இறங்கிய குடும்பம் எங்களுடையது. இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் குளிரைத் திட்டு.

“காலையிலிருந்து ராத்திரி வரை அங்கே என்னதான் செய்கிறாய்?” என்று கேட்டிருக்கிறாய். கூடவே உன் வழக்கமான குத்தல்: “அந்த நாட்டில் நான்கில் மூன்று பேர் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாமே, உனக்கு என்ன வேலை?” எங்கள் மிஷனெரிச் செய்தி மடலை இத்தனை வருடம் தவறாமல் வாசித்த பிறகும் நீ இப்படிக் கேட்கிறாய் என்றால் குற்றம் மடலில்தான். அதை எழுதுகிறவன் நான். ஆனாலும் அச்சாகி வந்ததும் வாசித்துப் பார்த்தால் அதில் எங்கள் வீடு இருப்பதில்லை. ஸ்தோத்திரம் இருக்கிறது, ஜெபக் குறிப்பு இருக்கிறது, ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கை இருக்கிறது. பால்காரர் கணக்கு எழுதுகிற மாதிரி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். இங்கே சபைக்கு ஆள் குறைவில்லை, போதகர்தான் குறைவு. ஒருவர் தலையில் ஏழெட்டு ஜெப வீடுகள். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவதும் பிரசங்கம் செய்வதும் மூப்பர்கள்தான்: மக்காச்சோளம் போடுகிற விவசாயி, தையற்காரர், ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வேதபாடம் எடுக்கிறேன். எடுக்கிறேன் என்று பெயர். இந்த ஊர் மொழியான சிச்சேவாவில் 1922-இல் வந்த பழைய வேதாகமத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். நான் ஒரு வசனத்தைத் தேடிப் பக்கம் புரட்டி முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து அது வந்துவிடும்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வந்தால் பீப்பாய்களை நிரப்புகிறேன். கரண்ட் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் கரி அடுப்பு. மனைவி மருந்தகத்துக்குப் போகிறாள்; நர்ஸ் வேலை. ஏழு மணிக்கு வாசலுக்கு ஒரு ‘கபாசா’ வரும். கபாசா என்றால் பின்பக்கக் கேரியரில் மெத்தை வைத்துத் தைத்த வாடகை சைக்கிள். அதில் ஒருபக்கமாகக் காலைப் போட்டு, பையை மடியில் வைத்து அவள் போகிற அழகை நீ பார்க்க வேண்டும். மழைக்காலத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை, மலேரியாக் கூட்டத்தில் அவள் திரும்ப இருட்டிவிடும். அப்போதெல்லாம் வீட்டில் சமையல் என்னுடையது. பிள்ளைகள் இதை ஒரு உபத்திரவமாகவே தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே மாதங்கள்தான் இங்கே பஞ்ச மாதங்களும். போன அறுவடை தீர்ந்து, புது அறுவடைக்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். காலையில் கதவைத் திறந்தால் ஒரு தாய் காலித் தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். கேட்கமாட்டாள், உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஒருத்திக்குக் கொடுத்தால் மறுநாள் ஆறு பேர். கொடுக்காவிட்டால் அன்றைக்கு எடுக்கவிருந்த பாடத்தைத் தொடவே மனம் வராது. நானும் மனைவியும் கல்யாணமாகி அதிகம் சண்டை போட்டது பணத்துக்காக அல்ல, இந்தத் தட்டுக்காகத்தான். 11 வருடத்தில் ஒரு விதியும் எங்களால் வகுக்க முடியவில்லை. ஒரு நாள் நான் கொடுக்கலாம் என்பேன், அவள் வேண்டாம் என்பாள், மறுநாள் நேர்மாறு.

இன்றைய தேதியை மேலே எழுதும்போதுதான் உறைத்தது. 1706-இல் இதே ஜூலை 9 அன்றுதான் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறோம். ஒன்பதே வருடத்தில், 1715-இல், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டும் முடித்துவிட்டார். நானும் இங்கே பிள்ளைகளிடம்தான் மொழி கற்றேன். அதன் பலனைக் கேள்.

சிச்சேவாவிலும் நம் நீ, நீங்கள் போல இரண்டு உண்டு: இவே, இனு. ஒருவருக்கு மரியாதை கொடுக்கப் பன்மையில்தான் பேச வேண்டும். தமிழனுக்கு இதைவிடச் சுலபம் வேறென்ன? ஆனால் தெருவில் விளையாடுகிற பொடியன்கள் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றா கூப்பிடுவார்கள்? அவர்களிடம் கற்ற நான், சபையின் மூத்த மூப்பரிடம் போய், எழுபது வயது மனிதரிடம், கை குலுக்கி, “ஊலி ப்வாஞ்சி?” என்றேன். “எப்படிடா இருக்கிறாய்?” என்று கேட்ட கணக்கு. அவர் முகம் மாறாமல், முழு மரியாதைப் பன்மையில், எனக்குப் பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்கள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விஷயம் என்னவென்று எனக்கு வீட்டுக்கு வந்து சொன்னது அப்போது நான்கு வயதான என் மகள்.

இந்தப் பெரியவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்த கதிரின் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு வரிசையை முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு மற்ற வரிசைகள் அந்தப் பள்ளத்தில் தானாக விழும். எனக்கு அந்த முதல் வரிசை வராது. அவர் பத்துக் கதிர் முடிக்கும்போது நான் மூன்றில் நிற்பேன், விரல் சிவந்துவிடும். அன்று பேச்சுவாக்கில், “நீங்கள் எங்களுக்கு ம்காம்வினி மாதிரி” என்றார்.

இந்தத் தெற்குப் பகுதியில் வம்சம் தாய்வழி. நிலம் பெண்களுக்கு. கல்யாணமானவன் மனைவியின் கிராமத்துக்குப் போய் வீடு கட்டி, அவள் நிலத்தைக் கொத்தி வாழ வேண்டும். அவன்தான் ம்காம்வினி. நம் வீட்டோடு மாப்பிள்ளை. அவன் பிள்ளைகளின் காரியத்தில்கூடக் கடைசி வார்த்தை தாய்மாமனுடையது. தாய்மாமன் இல்லாமல் கல்யாணப் பேச்சே நடக்காது. இதை நான் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, அவர்களும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை நல்ல உழைப்பாளி என்றால் கொண்டாடுவார்கள். ஆனால் ஊர்க் கூட்டத்தில் அவன் குரல் உயரக் கூடாது. போகிற நாளில் கட்டிய வீடு அங்கேயே நிற்கும்.

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ராத்திரி மனைவியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “கல்யாணமான நாள் முதல் நான் உங்கள் வீட்டில் அப்படித்தானே இருந்தேன், இப்போது உங்கள் முறை” என்றாள்.

ஊர்க்காரர்கள் இங்கே முதலில் வந்த மிஷனெரிகளைப் பற்றிப் பேசும்போது டேவிட் லிவிங்ஸ்டன் பெயர் வராமல் இருக்காது. 1859-இல் மலாவி ஏரிக்கு வந்தவர். என் மனைவிக்கு அவரைப் பற்றி அக்கறை இல்லை. அவளுக்கு அவர் மனைவி மேரியைப் பற்றித்தான் பேச்சு. 1852-இல் நான்கு பிள்ளைகளோடு பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பல வருடம் பணமுடையில் அலைந்து, மறுபடியும் கணவனைத் தேடி வந்து, 1862-இல் ஸாம்பேஸி நதிக்கரையில் காய்ச்சலில் செத்துப்போனாள். “அவருக்கு எத்தனை சிலை, அவளுக்கு ஒரு கல்லறை” என்பாள் என் மனைவி. இதை அவள் சொல்லும்போது நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

பிள்ளைகளைக் கேட்டிருந்தாய். சின்னவன் இங்கேயே பிறந்தவன், ஒன்பது வயது. கனவில் சிச்சேவாவில்தான் பேசுகிறான். இந்த மொழியில் ஆறு என்பதற்கு ‘ஐந்தும் ஒன்றும்’, ஒன்பதுக்கு ‘ஐந்தும் நான்கும்’ என்று சொல்ல வேண்டும். அதனால் எல்லோரும் இங்கிலீஷ் எண்ணையே வைத்துக்கொள்கிறார்கள். இவன் மட்டும் வீம்புக்கு வாய்ப்பாட்டை அப்படியே சொல்லி என்னை மலைக்க வைப்பான்.

பெரியவளுக்கு 15. அவளிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. போன விடுமுறையில் நாங்கள் வந்திருந்தபோது, ஆதரவு தருகிற ஒரு சபையில், அவளைச் சித்தெஞ்சே துணி கட்டி மேடையில் நிறுத்தி ‘ஆப்பிரிக்கப் பாட்டு’ பாடச் சொன்னார்கள். பாடினாள். கைதட்டினார்கள். ஒரு அம்மாள், “பாவம், காட்டில் வளர்கிற பிள்ளை” என்று கன்னத்தைத் தடவினார். திரும்பும்போது வேனில் அவள் கேட்டாள்: “அப்பா, அது நாங்கள் மரண வீட்டில் பாடுகிற பாட்டு. அவர்கள் ஏன் கைதட்டினார்கள்?” எனக்கும் அது மரண வீட்டுப் பாட்டு என்று தெரியும். மேடைக்கு ஏற்றும்போது வாயைத் திறக்காமல் இருந்தவன் நான்தான். இனிமேல் அவளை எந்த மேடையிலும் ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். “எங்கே படிக்கப் போகிறாய்?” என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். அவளுக்கு ஊர் எது என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

மரண வீடு என்றதும் உன்னிடம் சொல்லாத ஒன்று. அப்பா போனபோது நீ தோள் கொடுத்தாய். பெட்டியின் இடப்பக்கம் முன்னால் உன் வெள்ளைச் சட்டை போனில் தெரிந்தது. இங்கிருந்து விமானம் மாறி மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்து, நான் கிளம்பவில்லை. மடலில் ஒரு வரி எழுதினேன்: ‘என் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், ஜெபித்த அனைவருக்கும் நன்றி.’ அன்று இங்கே நடந்தது அந்த வரியில் இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தலையில் மாவுக் கூடை, விறகுக் கட்டு. எங்கள் முன்னறையில் நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, மனைவியை நடுவில் உட்காரவைத்து, தரையில் சுற்றி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். சடலம் எங்கேயோ, அழுகை இங்கே. ஆண்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு யாவோ இனத்து முஸ்லிம் குடும்பமும் வந்து உட்கார்ந்தது. கிராமத்தில் குழி வெட்டுகிற ஆட்களுக்கு ‘அட்சுகுலு’ என்று பெயர். பேரப்பிள்ளைகள் என்று அர்த்தம். அவர்களும் மண்வெட்டிகளோடு வந்தார்கள். வெட்டக் குழி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். மரணம் என்றால் வர வேண்டும், அதனால் வந்தார்கள். மண்வெட்டிகளை என் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, விடியும் வரை நெருப்பருகே இருந்தார்கள்.

காலையில் பெரியவர் ஒரு பள்ளிக்கூட நோட்டை என் கையில் கொடுத்தார். சிபெபெசோ, அதாவது துக்கப் பணம் கொடுத்தவர்களின் பட்டியல். பெயர், எதிரில் தொகை: 200 குவாச்சா, 500 குவாச்சா, ஒரு கூடை மாவு, இரண்டு முட்டை. நம் மொய் நோட்டேதான். ஜனவரியில் தட்டோடு என் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயின் பெயரும் அதில் இருந்தது. அவள் பெயருக்கு எதிரே ஒரு தட்டு மாவு.

அதுவரை யாராவது இறந்து வகுப்பு ரத்தானால் நான் முகத்தைச் சுளிப்பேன். ஊரில் மரணம் என்றால் ஒருவரும் வேலைக்குப் போகமாட்டார்கள். என் பாடத்திட்டம் ஒரு வருடமும் முடிந்ததில்லை. அந்த நோட்டு இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஊரில் யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும் முதலில் அதைத் திறந்து, அவர்கள் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். சம்பளக் கணக்கில் இதற்குத் தனி இனம் கிடையாது. மனைவி வேறு செலவில் சேர்த்து எழுதுகிறாள்.

எப்போது திரும்பி வருவாய் என்ற கேள்வியை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. வேலை அனுமதி அடுத்த வருடம் முடிகிறது. நீட்டிப்பார்களா, பெரியவளின் கல்லூரி எங்கே, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது, எல்லாம் அதில் தொங்குகிறது. அம்மா என்னிடம் போனில் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும்தான் சொல்கிறார்கள். நீ ஒரு நடை போய்ப் பார்த்து, உண்மையை எனக்கு எழுது. முழங்கால் எப்படி இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா, ராத்திரி யார் துணைக்குப் படுக்கிறார்கள், இதெல்லாம் வேண்டும். உன் மகனுக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவன் கல்யாணப் பேச்சை ஆரம்பிக்கும்போது தாய்மாமனை முன்னால் உட்கார வை, இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லி அனுப்பிய புத்தி.

வாசலில் “ஓடி! ஓடி!” என்று கேட்கிறது. கதவைத் தட்டாமல் இப்படிக் குரல் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். வந்த புதிதில் யாரோ என்னை ஓடச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பின்வாசல் வரை போனவன் நான். “ஓடினி” என்று பதில் சொல்ல வேண்டும். குரலைப் பார்த்தால் பெரியவர். இந்தத் தூறலில், இந்த வயதில், எதற்காகக் கிளம்பி வந்தார் என்று தெரியவில்லை. போய்ப் பார்க்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்