என் தம்பியை எக்மோ சிகிச்சையில் காத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கடுமையான இன்ஃபுளுவென்சா காய்ச்சலால் இரண்டு நுரையீரல்களும் செயலிழந்து, எக்மோ என்னும் செயற்கை நுரையீரல் கருவியின் துணையோடு உயிர் பிழைத்த என் தம்பி, இறையருளால் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். உதவியவர்கள் அனைவரையும் நேரில் கண்டு கைகூப்ப இயலாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, அவனை முதலில் சேர்த்த மருத்துவமனையின் மருத்துவருக்கு உரியது. வென்டிலேட்டரில் வைத்து, குப்புறப் படுக்க வைத்து, செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவில்லை என்றானதும், அவர் நாளைக் கடத்தாமல் எக்மோ வசதியுள்ள மருத்துவமனையோடு பேசி அவனை அங்கு அனுப்பிவைத்தார். அதிக அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் வென்டிலேட்டரே நாளடைவில் நுரையீரலைப் புண்படுத்திவிடும் என்பதும், அந்த நிலையில் ஒரு வாரத்துக்கு மேல் கடந்தவர்களுக்கு எக்மோ பொதுவாக அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை என்பதும் எங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தன.

அங்கே எங்களைச் சந்தித்த நிபுணர், தம்பி மனைவியையும் என்னையும் உட்கார வைத்து, இந்தக் கருவி கிருமியைக் கொல்லாது, நுரையீரலைக் குணப்படுத்தவும் செய்யாது, நுரையீரல் தானாகத் தேறும்வரை அவகாசம் மட்டுமே தரும் என்று விளக்கினார். 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எக்மோவில் வைக்கப்பட்ட 68 பேரில், அறிக்கை எழுதப்பட்ட வேளையில் 14 பேர் இறந்திருந்தார்கள் என்றார். 2018இல் வெளியான ஆய்வில் 60 நாளுக்குள் இறந்தவர்கள் எக்மோ தரப்பில் 35 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைத் தரப்பில் 46 விழுக்காடு என்றாலும், அந்த வித்தியாசம் தற்செயலானதாக இருக்கலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்களால் முற்றாக நீக்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்தைக் கொடுத்தாக வேண்டும், அதனால் மூளையில்கூட இரத்தக் கசிவு ஏற்படலாம் என்றும் எச்சரித்தார். எங்களைத் தேற்றுவதற்காக ஒரு சொல்லைக்கூட அவர் கூட்டிச் சொல்லவில்லை. அதனாலேயே அவரை நம்பிக் கையெழுத்திட்டோம். கலங்கி நிற்கும் குடும்பத்துக்கு ஒரு மருத்துவர் தரக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதியர்களுக்கும் கருவியை இயக்கிய பெர்ஃப்யூஷனிஸ்ட் நண்பர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தொடைச் சிரையிலிருந்து கருஞ்சிவப்பாக வெளியேறும் இரத்தம், கருவியிலுள்ள சவ்வின் வழியே கரியமிலவாயுவை விட்டு ஆக்சிஜனை ஏற்று, பளிச்சென்ற சிவப்பாகக் கழுத்துச் சிரைக்குத் திரும்பும். நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் இரத்தம் ஓடும் அந்தக் குழாய் சற்றே நழுவினாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே அவனைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும், மற்றவர்கள் உடலைத் தாங்க, ஒருவர் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு வேறெதிலும் கண்ணை ஓட்டாமல் நின்றார். நள்ளிரவிலும் சிறிய டார்ச் விளக்கை அடித்து, சவ்வின் மூலை முடுக்கெல்லாம் இரத்தக் கட்டி படிந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவைத்தார்கள். கருவி தந்த அவகாசத்தை இப்படிக் கண் விழித்துக் காத்தவர்கள் அவர்களே. நினைவில்லாமல் கிடந்தவனிடம், "தம்பி, ஊசி போடப் போறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே ஊசி போட்ட மிஸ்ஸியை எங்கள் குடும்பம் மறக்காது.

பெயர் தெரியாத இரத்தக் கொடையாளர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எக்மோவில் இருப்பவர்களுக்கு மீண்டும் மீண்டும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். செய்தி கேட்டவுடன் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இரத்த வங்கிக்குச் சென்று, முன்பின் தெரியாத நோயாளிகளுக்காகவும் இரத்தம் கொடுத்த கோயில் இளைஞர்களுக்கும், தம்பியோடு வேலை செய்யும் மலாய், சீன நண்பர்களுக்கும் என் வணக்கம்.

பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கென்று தனியாகச் சைவம் சமைத்து, பள்ளிக்கும் அனுப்பிவைத்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கும், வேலையை வேறொருவருக்குக் கொடுக்காமல் காத்திருந்த முதலாளிக்கும் எங்கள் நன்றி.

கருவியை அகற்றியபோது தம்பியால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தசைகள் அவ்வளவு கரைந்திருந்தன. கட்டில் விளிம்பில் உட்காரவும், பிறகு நிற்கவும், பிறகு நடக்கவும் பழக்கிய இயன்முறை மருத்துவர்களின் பொறுமையால் இன்று மாடிப்படி ஏறுகிறான். பாதியில் நின்று மூச்சு வாங்கத்தான் செய்கிறது. நுரையீரல் பரிசோதனைகளும் தொடர்கின்றன.

நண்பர்கள் திரட்டித் தந்த தொகையில் செலவு போக எஞ்சியதை, வெளியூரிலிருந்து வந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களின் தங்குமிடச் செலவுக்குக் கொடுக்க எண்ணியுள்ளோம். தம் பங்கை வேறு வகையில் பயன்படுத்த விரும்புவோர் தயங்காமல் என்னிடமோ தம்பி மனைவியிடமோ தெரிவிக்கலாம். வரவு செலவுக் கணக்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

நன்றியுடன்,
தமக்கை
செந்தூல், கோலாலம்பூர்