திருமணிமுத்தாற்றங்கரை வீடுகளுக்கு மழை அறிவிப்பு

குழு உறவுகளுக்கு வணக்கம். நம் தெருவில் மழை விட்டுவிட்டதே என்று யாரும் அசந்துவிட வேண்டாம். ஆற்றில் வருவது சேர்வராயன் மலைத் தண்ணீர். ஏற்காட்டுப் பக்கம் ராத்திரி கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே கரை தொட்டு ஓடும். சாக்கடைக் கறுப்பாக இருக்கும் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, மரக்கிளைகள் மிதந்து வந்தால் கரையில் நிற்காதீர்கள், வீடியோவும் எடுக்காதீர்கள்.

மேட்டூர் வேறு கணக்கு. அணை 120 அடி நிரம்பி உபரிநீர் திறந்தால், காவிரிக் கரைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வரும். மலைத் தண்ணீர் அவ்வளவு அவகாசம் தராது.

புயல் கடலோரத்துக்குத்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2024-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. அதனால் இப்போதைக்கு மலைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது: கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரைகளைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போலத் தெரிந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். அப்புறம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பாலத்தடியில் குப்பை மூட்டை வீசாதீர்கள். அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் நம் தெருவுக்குள்தான் திரும்பும்.

அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மாடி வீட்டில் இடம் தர முடிந்தவர்கள் இங்கேயே பதில் போடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களை இருட்டுவதற்குள் கூட்டி வந்துவிடலாம்.